‘எஸ்காஃப்ளோனே’ தொடரைப் பகுதி பகுதியாக விமர்சிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தத் தொடரை முதன்முறை பார்ப்பவர்களும், 26 பகுதிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுத நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் கதையின் திருப்பங்களும் முடிவும் வெளிப்படையாகப் பேசப்படுகின்றன. ஆகவே தொடரை இன்னும் பார்க்காதவர்கள் முதல் மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொண்டு, பார்த்து முடித்தபின் திரும்பி வருவது நல்லது.

இது எந்தத் தொடர்? யார் உருவாக்கியது?

ஜப்பானில் டிவி டோக்கியோ அலைவரிசையில் 1996 ஏப்ரல் 2 முதல் அதே ஆண்டு செப்டம்பர் 24 வரை ஒளிபரப்பான 26 பகுதிகள் கொண்ட அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) இது. ‘குண்டம்’ என்னும் ரோபோப் போர்த் தொடர்களால் பெயர் பெற்ற சன்ரைஸ் நிறுவனம் தயாரித்தது. மூலக் கருத்து, ‘மேக்ராஸ்’ தொடரின் வழியாக அறியப்பட்ட ஷோஜி கவாமோரியுடையது; இயக்கியவர் கசுகி அகானே; பாத்திரங்களை வரைந்தவர் நொபுதெரு யூகி; இயந்திரங்களை வடிவமைத்தவர் கிமிதோஷி யமானே.

கதையின் தொடக்கம் எளிமையானது. ஹிதோமி கன்சாகி பள்ளியின் ஓட்டப்பந்தய வீராங்கனை. டாரட் சீட்டுகளைக் கொண்டு தோழிகளுக்குக் குறி சொல்லும் பழக்கம் உள்ளவள். ஒரு மாலையில் ஓடுதளத்தில் வாளேந்திய இளைஞன் ஒருவனும் அவனைத் துரத்தி வரும் டிராகனும் தோன்ற, அவர்களோடு அவளும் ஒளித்தூண் ஒன்றால் கையா என்னும் உலகுக்கு எடுத்துச் செல்லப்படுகிறாள். அங்கே வானில் நிலவுக்குப் பக்கத்தில் நமது பூமியும் தெரிகிறது. கையாவின் மக்கள் பூமியை ‘மாய நிலா’ என்று அழைக்கிறார்கள். அந்த இளைஞன் ஃபனேலியா நாட்டின் அரசனாக முடிசூடவிருக்கும் வான் ஃபானெல். முடிசூட்டிய நாளிலேயே ஸைபாக் பேரரசின் கண்ணுக்குத் தெரியாத இயந்திரப் படை அவன் நாட்டை எரித்துவிட, மூதாதையர் விட்டுச்சென்ற எஸ்காஃப்ளோனே என்னும் மாபெரும் கவச இயந்திரத்தை அவன் தன் இரத்தத்தால் எழுப்புகிறான்.

இதை இயந்திரப் போர்த் தொடர் என்று சொல்வதா, காதல் தொடர் என்று சொல்வதா?

இரண்டுமே என்பதுதான் பதில். அது திட்டமிட்டே செய்யப்பட்டது. தொடக்கத் திட்டத்தில் சிறுவர்களுக்கான சாகசக் கதையின் சாயலே மிகுந்திருந்தது. அகானே பொறுப்பேற்றபின், சிறுமிகளுக்கான காதல் கதைகளின் உணர்வும் தோற்றமும் உள்ளே கொண்டுவரப்பட்டன. ஆனால் இந்த இரண்டும் ஒரே தட்டில் தனித்தனியாகப் பரிமாறப்பட்டவை என்று எண்ணிவிட்டால் தொடரின் உயிர்நாடி கைநழுவிப்போகும். ஹிதோமியின் மனம் எதை விரும்புகிறது, எதற்கு அஞ்சுகிறது என்பதே அவள் காணும் முன்காட்சியை, அதாவது வரப்போவதை முன்கூட்டியே காட்டும் தோற்றத்தை, தீர்மானிக்கிறது. அந்த முன்காட்சியே போரின் போக்கை மாற்றுகிறது. காதல் இந்தக் கதையின் ஓய்வு நேரத்தில் நடக்கும் காரியமன்று. போரை ஓட்டும் எரிபொருளே அதுதான்.

26 பகுதிகளையும் தனித்தனியாக விமர்சிக்க வேண்டுமா? மொத்தத்துக்கும் ஒரே கட்டுரை போதாதா?

மொத்தமாக எழுதுபவர்கள் பெரும்பாலும் முடிவை மனத்தில் வைத்துக்கொண்டு தொடக்கத்தை எடைபோடுகிறார்கள். இந்தத் தொடருக்கு அது அநீதி. இதில் ஒவ்வொரு பகுதியும், அந்த நேரத்தில் ஹிதோமிக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்ற எல்லைக்குள் கட்டப்பட்டிருக்கிறது. அவள் ஆலன் என்னும் வாள்வீரனிடம் மயங்கி நிற்கும் பகுதிகளில் காட்சியமைப்பும் இசையும் அவளோடு சேர்ந்து மயங்குகின்றன. அந்த மயக்கத்துக்குள் இருந்தபடியே எழுதிய விமர்சனம், பத்துப் பகுதிகள் கழித்துத் தவறென்று தெரிந்தாலும், படிப்பவருக்கு உண்மையான பயன் தரும்.

இருந்தாலும் எண்ணிக்கையில் பிடிவாதம் தேவையில்லை. 10 முதல் 13 வரையுள்ள ஃப்ரெய்ட் நாட்டுக் கதையை ஒரே மூச்சில் பார்த்து ஒரே விமர்சனமாக எழுதலாம். 1, 8, 19, 24 ஆகிய பகுதிகளுக்குக் கட்டாயம் தனித்தனிக் கட்டுரை வேண்டும்.

முதல் பகுதியைப் பற்றி எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

‘விதியின் காதல் வாக்குமூலம்’ என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட அந்தப் பகுதியை, முழுத் தொடரையும் பார்த்து முடித்தபின் இன்னொரு முறை பார்க்கும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்வேன். ஹிதோமி தான் விரும்பும் மூத்த மாணவன் அமானோவிடம், நூறு மீட்டரை 13 நொடிக்குள் ஓடி முடித்தால் தனக்கு முதல் முத்தம் தர வேண்டும் என்று கேட்கிறாள். அவன் வெளிநாடு செல்லவிருக்கிறான். அவளுக்கு அவகாசம் இல்லை. அவளுடைய பாட்டி கொடுத்த பதக்கம் ஊசலைப் போல ஆடும்போது ஒவ்வோர் ஆட்டமும் சரியாக ஒரு நொடி.

இந்தக் காட்சியைப் பள்ளிப்பருவத்து விளையாட்டு என்று கடந்துபோகும் விமர்சனங்களே அதிகம். ஆனால் தொடரின் முழுச் சிக்கலும் இங்கேயே விதைக்கப்பட்டுவிட்டது. தன் காதலைத் தானே முடிவு செய்யத் துணியாமல், ஒரு பந்தயத்தின் முடிவிடம் அதை ஒப்படைத்துவிடுகிறாள் இந்தப் பெண். சீட்டைப் புரட்டி எதிர்காலத்தைக் கேட்பதும் நொடிகளை எண்ணி முத்தத்தைக் கேட்பதும் ஒரே மனநிலையின் இரு வடிவங்கள். கையாவில் அவள் சந்திக்கப் போகும் எதிரியும், விதியை அளந்து கணக்கிட்டுவிடலாம் என்று நம்பும் ஒருவரே.

டிராகனிடமிருந்து வானை அவளுடைய முன்காட்சி காப்பாற்றுவதும், ‘உன் உதவி எனக்குத் தேவைப்படவில்லை’ என்ற தோரணையில் அவன் நடந்துகொள்வதும், அவள் சீற்றம் கொள்வதும் முதல் பகுதியிலேயே வந்துவிடுகின்றன. காதல் பேச்சு இல்லாத அந்தச் சண்டையில் இருவருக்கும் இடையே இருக்கும் உயிர்ப்பு, அமானோவுடனான காட்சிகளில் இல்லை.

இயந்திரச் சண்டைகளை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது?

கையாவில் கவச இயந்திரங்களைக் கைமெலெஃப் என்கிறார்கள். இவை பளபளக்கும் எதிர்கால ரோபோக்கள் அல்ல. உள்ளே ஆள் புகுந்து உடலசைவால் இயக்கும் மாபெரும் போர்க்கவசங்கள் என்றே சொல்ல வேண்டும். வாளும் கவசமும் மேலங்கியும் கொண்டு, இடைக்கால வீரர்களைப் போலவே இவை மோதுகின்றன. எஸ்காஃப்ளோனேவுக்கு ஆற்றல் தருவது டிராகனின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட எனர்ஜிஸ்ட் என்னும் கல். ஸைபாக் படையின் இயந்திரங்களோ உருமறைக்கும் போர்வையும், நினைத்தபடி நீண்டு குத்தும் திரவ உலோக நகங்களும் உடையவை. ஒரு பக்கம் மரபு, மறுபக்கம் தொழில்நுட்பம் என்ற எதிர்நிலையை வடிவமைப்பே சொல்லிவிடுகிறது.

எஸ்காஃப்ளோனே டிராகன் வடிவத்துக்கு மாறும்போது வான் அதன் உள்ளே இருப்பதில்லை. வெளியே, முதுகின்மேல் நின்று கடிவாளம் பிடிப்பவனைப் போல ஓட்டுகிறான். காற்றும் ஆபத்தும் நேரடியாக அவன்மேல் விழுகின்றன. பின்னர், இரத்த ஒப்பந்தத்தின் விளைவாக, இயந்திரத்தில் விழும் வெட்டு வானின் உடலிலும் விழுகிறது என்று தெரியவரும்போது, ஒவ்வொரு சண்டைக்கும் கொடுக்க வேண்டிய விலை கண்முன் வந்துவிடுகிறது. எனவே ஒரு சண்டையை விமர்சிக்கும்போது யார் வென்றார் என்பதோடு நிறுத்தாமல், அந்த வெற்றி வானின் உடலிலும் மனத்திலும் எதை விட்டுச்சென்றது என்றும் கேட்க வேண்டும். ஸைபாக் படைத்தலைவன் டிலாண்டாவின் வீரர்களை வான் ஒருவர்பின் ஒருவராக வெட்டி வீழ்த்தும் காட்சியில், பார்ப்பவருக்கு மகிழ்ச்சி வரக்கூடாது என்பதில் இயக்குநர் உறுதியாக இருக்கிறார்.

ஆலனா, வானா? இந்த முக்கோணக் காதலை எப்படி எழுதுவது?

கட்சி சேர்ந்து எழுதாமல் இருப்பதே முதல் விதி. ஆலன் ஷெசார் அஸ்டூரியா நாட்டின் புகழ்பெற்ற வாள்வீரன், 21 வயது, முகம் அமானோவை அப்படியே ஒத்திருக்கிறது. ஹிதோமி ஆலனைக் காதலிக்கிறாளா, பூமியில் நிறைவேறாமல் போன ஆசையை அவன் முகத்தில் தேடுகிறாளா என்ற ஐயம் மூன்றாம் பகுதியிலிருந்தே நம்மைத் தொடர்கிறது.

ஆலனை வெறும் இடையூறாகச் சித்திரிக்கும் விமர்சனங்களை நான் ஏற்பதில்லை. ஃப்ரெய்ட் நாட்டுப் பகுதிகளைப் பாருங்கள். பத்தாம் பகுதியின் தலைப்பு ‘நீலக்கண் இளவரசன்’. சிறுவன் சிட் உண்மையில் ஆலனின் மகன். மறைந்த இளவரசி மார்லீனுக்கும் ஆலனுக்கும் பிறந்தவன். அதை அறிந்தும் அவனைத் தன் மகனாகவே வளர்த்து, நாட்டுக்காகப் போரில் உயிர்விடுகிறார் ஃப்ரெய்டின் கோமகன். 15 வயதுப் பிள்ளைகளின் தவிப்புக்கு நடுவே, பெரியவர்களின் காதல் எத்தனை பேரின் மௌனத்தின்மேல் நிற்கிறது என்பதை இந்த நான்கு பகுதிகள் காட்டிவிடுகின்றன. தொடரின் மிகக் கண்ணியமான பாத்திரம் அந்தக் கோமகன்தான் என்பது என் எண்ணம்.

வானின் பக்கத்தில் எட்டாம் பகுதி மிக முக்கியமானது. விழும் ஹிதோமியைப் பிடிக்க அவன் குதிக்கும்போது முதுகிலிருந்து வெண்சிறகுகள் விரிகின்றன. அவன் தாய் அட்லாண்டிஸ் மக்களின் வழிவந்தவள். கையாவில் அந்த இனம் சபிக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. அவன் மறைத்து வைத்திருந்த அவமானத்துக்கு அந்தப் பகுதி ‘தேவதை பறந்த நாள்’ என்று பெயர் சூட்டுகிறது. தமிழில் பார்க்கும் நமக்கு, அவன் பெயரே ‘வான்’ என்று ஒலிப்பது தற்செயலாக அமைந்த ஓர் இன்பம்.

19ஆம் பகுதியைப் பலர் குறையாகச் சொல்கிறார்களே?

‘காதலின் பொன்விதி நடவடிக்கை’ என்ற அந்தப் பகுதியில், ஹிதோமியும் வானும் இணைந்திருப்பது தன் திட்டத்துக்குத் தடை என்று உணரும் ஸைபாக், விதியை மாற்றும் பொறியைக் கொண்டு ஹிதோமியையும் ஆலனையும் சேர்த்துவைக்க முனைகிறது. பாலத்தின்மேல் இருவரும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். ‘எதிரியின் இயந்திரம் காதல் உண்டாக்கியது என்பது சிறுபிள்ளைத்தனம்’ என்பதே பொதுவான குற்றச்சாட்டு.

நான் இதற்கு முற்றிலும் எதிரான பக்கத்தில் நிற்கிறேன். முதல் பகுதியில் அவள் பந்தயத்திடம் கேட்டதை இங்கே இயந்திரம் கொடுத்துவிடுகிறது. அவள் கனவு கண்ட முகம், அவள் கனவு கண்ட முத்தம், எல்லாம் கிடைக்கின்றன. அவளுடைய தெரிவு மட்டும் அதில் இல்லை. அந்த முத்தக் காட்சி முழு அழகோடும் இசையோடும் படமாக்கப்பட்டிருப்பதால்தான் நமக்கு உள்ளூர ஒரு கலக்கம் ஏற்படுகிறது. அசிங்கமாகக் காட்டியிருந்தால் நாம் எளிதில் தப்பித்திருப்போம். அந்தக் காதல் பொய்யென்று சொல்லவும் முடியாது, ஏனெனில் அவளுக்குள் அதன் விதை ஏற்கெனவே இருந்தது. இந்தப் பகுதியை விமர்சிப்பவர் இந்த இரட்டைத்தன்மையைத் தொடாமல் விட்டால், எழுதாமலே இருக்கலாம்.

இதையடுத்து 20ஆம் பகுதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அஸ்டூரியாவின் இளவரசி மில்லெர்னா, வணிகன் டிரைடனை மணப்பதா என்று ஹிதோமியிடம் குறி கேட்கிறாள். மில்லெர்னாவும் ஆலனை விரும்புபவள். சீட்டுகள் சொன்னதை மறைத்து ஹிதோமி நல்வாக்குச் சொல்கிறாள். நம் கதாநாயகி செய்யும் மிகத் தவறான காரியம் இது. விதியைப் படிக்கத் தெரிந்தவள் தன் சொந்த ஆசைக்காக அதைத் திரித்துச் சொன்னால், அவளுக்கும் ஸைபாக்கின் பேரரசருக்கும் என்ன வேறுபாடு என்ற கேள்வியைத் தொடர் துணிந்து முன்வைக்கிறது.

பேரரசர் டோர்ன்கிர்க் உண்மையில் ஐசக் நியூட்டன் என்பதை ஏற்க முடிகிறதா?

முதல்முறை கேட்கும்போது திகைப்பாகவே இருக்கும். ஆப்பிள் விழுவதற்கு ஈர்ப்பு விசை காரணமென்றால், மனிதர்கள் ஒருவரை நோக்கி ஒருவர் விழுவதற்கும் கணக்கிடத்தக்க ஒரு விசை இருக்க வேண்டும் என்று எண்ணி, வாழ்நாளை நீட்டித்துக்கொண்டு அதைத் தேடும் ஒரு முதியவர் அவர். 18ஆம் பகுதியின் தலைப்பே ‘விதியின் ஈர்ப்பு விசை’ என்றுதான் இருக்கிறது. வரலாற்று நியூட்டனும் இயற்பியலோடு இரசவாதத்திலும் பல்லாண்டுகள் ஈடுபட்டிருந்தவர் என்பதை நினைவில் கொண்டால், இந்தக் கற்பனை அவ்வளவு தொலைவில் இல்லை. அவர் கொடுங்கோலராகக் காட்டப்படாமல், மனிதர்களுக்கு இன்பம் தர விரும்பும் அறிஞராகக் காட்டப்படுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

டிலாண்டாவ்?

ஸைபாக் படைத்தலைவன், கன்னத்தில் வான் இட்ட தழும்பால் பித்தேறியவன். ஆலனுக்குச் செலீனா என்று ஒரு தங்கை இருந்தாள், சிறுவயதில் காணாமல்போனவள். அவளே இவன் என்ற உண்மை இறுதிப் பகுதிகளில் வெளிப்படுகிறது. ஸைபாக்கின் விதி ஆராய்ச்சி ஒரு குழந்தையின் வாழ்வை எப்படி உருக்குலைத்தது என்பதற்கு அவனே சாட்சி. இதற்கு இன்னும் இரண்டு பகுதிகளாவது ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

தொடரின் வேகம் சில இடங்களில் மூச்சுமுட்ட வைக்கிறதே, ஏன்?

முதலில் 39 பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட தொடர் 26ஆகக் குறைக்கப்பட்டது. நிகழ்வுகளை வெட்டாமல் அவற்றை நெருக்கி அடுக்கியதால், முதல் பாதி பெரும்பாலும் நன்மையே அடைந்தது. இரண்டாம் பகுதிக்குள்ளேயே ஒரு நாடு எரிந்து முடிந்துவிடுகிறது. கடைசி ஐந்தாறு பகுதிகளில்தான் நெருக்கடி தெரிகிறது. வானின் அண்ணன் ஃபோல்கென் ஸைபாக்கை விட்டு விலகி எதிர்ப்பக்கம் சேர்வதற்கு நம்மை மனத்தளவில் ஆயத்தப்படுத்த இன்னும் நேரம் தேவைப்பட்டது. பாத்திரங்களின் நீண்ட கூர்மூக்கு பற்றிய புகாரும் அடிக்கடி வரும். இரண்டு பகுதிகளில் கண் பழகிவிடும். அதற்கு ஒரு பத்தி செலவிட வேண்டாம்.

இசையைப் பற்றித் தனியே எழுத வேண்டுமா?

வேண்டும். யோகோ கன்னோவும் ஹஜிமே மிசொகுச்சியும் இணைந்து அமைத்த இசையில், வார்சா பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் வாசிப்பும் இடம்பெறுகிறது. போர்க்களத்தில் ‘எஸ்காஃப்ளோனே’ என்ற பெயரையே கூட்டுக்குரல்கள் மந்திரம்போல் ஓதும் இசைத்துண்டு ஒன்றைக் கேட்டவர்கள் மறப்பதில்லை. தொடக்கப் பாடலைப் பாடியவரும் ஹிதோமிக்குக் குரல் கொடுத்தவரும் ஒருவரே: மாயா சகமோதோ. அப்போது அவருக்கு வயது 16. அந்தப் பாடலின் தலைப்புக்கு ‘வாக்குறுதி தேவையில்லை’ என்று பொருள். எதிர்காலத்தை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளத் துடிக்கும் ஒரு பெண்ணின் கதைக்கு, ஒவ்வொரு வாரமும் அந்தச் சொல் முகவுரையாக ஒலித்தது.

எந்தப் பதிப்பைப் பார்த்து எழுதுவது?

ஜப்பானியக் குரலும் சப்டைட்டிலும் கொண்ட பதிப்பை அடிப்படையாகக் கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஃபாக்ஸ் கிட்ஸ் ஒளிபரப்பிய பதிப்பு முதல் பகுதியையே தவிர்த்துவிட்டுத் தொடங்கியது. காட்சிகளையும் இசையையும் மாற்றியது. பத்துப் பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. ஓடுதளக் காட்சியை எடுத்துவிட்டால் இந்தக் கதையில் என்ன மிஞ்சும் என்று மேலே சொன்னதை வைத்தே நீங்கள் கணித்துக்கொள்ளலாம். 2016இல் ஃபனிமேஷன் நிறுவனம் இரசிகர்களிடம் நிதி திரட்டிப் புதிய ஆங்கில டப்பிங் ஒன்றை உருவாக்கியது. ஆங்கிலத்தில் கேட்க விரும்புவோருக்கு அது இருக்கிறது.

2000ஆம் ஆண்டுத் திரைப்படத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா?

தனியே எழுதுங்கள். பெயர்கள் ஒன்றாக இருந்தாலும் மனிதர்கள் வேறு. அதில் ஹிதோமி வாழ்வில் பிடிப்பிழந்து, மறைந்துபோக விரும்பும் பெண். ஃபோல்கென் அழிவை நாடும் தலைவன். படம் அழகானது, இருண்டது. ஆனால் ஒன்றை மற்றொன்றின் சுருக்கமாகக் கொள்ள முடியாது.

ஒவ்வொரு பகுதிக்கும் மதிப்பெண் கொடுக்கலாமா?

கொடுக்க விரும்பினால் கொடுங்கள், நான் கொடுப்பதில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு கட்டுரையின் தொடக்கத்திலும் ‘இந்தப் பகுதியில் ஹிதோமி எதை விரும்பினாள், எதைக் கண்டாள், அதனால் யாருக்கு என்ன நேர்ந்தது’ என்று மூன்று வரி எழுதிக்கொள்கிறேன். அந்த மூன்றுக்கும் இடையே தொடர்பு இருந்த பகுதிகள் எல்லாம் நல்ல பகுதிகளாகவே அமைந்தன. தொடர்பு அறுந்த இடங்களில், சண்டை எவ்வளவு சிறப்பாக வரையப்பட்டிருந்தாலும், எழுதச் சொற்கள் வரவில்லை.

வானும் ஹிதோமியும் கடைசியில் சேராமல் பிரிவது ஏமாற்றம் அல்லவா?

இதற்கு 24ஆம் பகுதியிலிருந்து பதில் சொல்ல வேண்டும். ஹிதோமி அங்கே பூமிக்குத் திரும்பிவிடுகிறாள். அமானோ இருக்கிறான், தோழி யுகாரியும் அவனை விரும்பியது இப்போதுதான் அவள் கண்ணுக்குத் தெரிகிறது. அவள் கேட்ட பழைய வாழ்க்கை முழுமையாகத் திரும்பக் கிடைத்த அந்த இடத்தில், வானிடம் போக வேண்டும் என்று அவள் முடிவெடுக்கிறாள். சீட்டோ பந்தயமோ பொறியோ சொல்லாமல் அவள் எடுக்கும் பெரிய முடிவு இது. பகுதியின் தலைப்பும் ‘விதியின் தெரிவு’தான்.

அடுத்து, எல்லோருடைய விருப்பமும் நிறைவேறும் நிலையை டோர்ன்கிர்க்கின் பொறி உண்டாக்கும்போது, மனிதர்கள் விரும்பியது ஒருவரையொருவர் வெட்டிக்கொள்வதையே என்று தெரிகிறது. பாஸ்ராம் நாடு வீசும் எனர்ஜிஸ்ட் குண்டு, ஜப்பானியப் பார்வையாளர்களுக்கு எதை நினைவூட்டியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. வானும் ஆலனும்கூட வாளேந்தி மோதுகிறார்கள். ஹிதோமியின் நினைவு வானை எட்டும்போதுதான் அந்த மோதல் நிற்கிறது.

அதற்குப் பிறகு அவள் ஊர் திரும்புகிறாள், தன் பதக்கத்தை அவனிடம் கொடுத்துவிட்டு. இருவருக்கும் இடையே முத்தக் காட்சி கிடையாது. ஒரு முத்தத்துக்காக ஓடத் தொடங்கிய பெண், முத்தம் பெறாமலே, நொடிகளை அளந்துவந்த அந்த ஊசலையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் வீடு திரும்புகிறாள். கடைசிப் பகுதியின் பெயரில் வரும் ‘ஒமோய்’ என்ற ஜப்பானியச் சொல்லுக்கு எண்ணம் என்றும் அன்பு என்றும் பொருள் உண்டு. தமிழில் ‘நினைப்பு’ என்றால் அதற்கு அருகில் வரும். எஸ்காஃப்ளோனே மீண்டும் உறக்கத்தில் ஆழ்ந்துவிட்டது. பூமியில் நிற்கும் அவள் நினைத்த கணத்தில் சிறகோடு அவன் தெரிகிறான். நான் ஒவ்வொரு முறையும் அந்தக் காட்சியில் அழுதிருக்கிறேன், ஏமாற்றத்தால் அழுததில்லை.